வருஷம் திரும்பட்டும்

புவனகிரி,
14.4.2024

அன்புள்ள மாமாவுக்கு வெண்மதி எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு உரக்கடை, எனக்குச் சிதம்பரம் பஸ், கயலுக்குக் கீழ்ப்பல் இரண்டு. மற்றபடி எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. எப்போது போன் போட்டாலும் அணைத்து வைத்திருப்பதாகவே வருகிறது. உங்களோடு வேலை பார்க்கிற கண்ணாயிரம் அண்ணன் கடைக்கு வந்தபோது அப்பா கேட்டாராம்.

"அந்தப் போனு கம்பெனி கேட்ல இருக்கற லாக்கர்லயே கெடக்குதுங்க. உள்ள எடுத்துகினு போவக் கூடாதுன்னு நாங்க எல்லாருமே அங்கதான் வெப்போம், வரும்போது எடுத்துக்குவோம். இவன் எடுக்கறதே இல்ல. அன்னிக்கி வெச்சதுதான்" என்றாராம்.

அன்றைக்கு என்றால் எந்த நாள் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அக்காவின் ஸ்கூட்டியை லாரி இடித்த நாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா அடித்த போனெல்லாம் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் அடித்திருக்கிறது. அதற்காக இனிமேல் போனே தொடமாட்டேன் என்றால் எப்படி மாமா? அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபாலையும் லாக்கரில் போட்டுவிடாதீர்கள்.

இன்றைக்கு வருஷப் பிறப்பு. துக்க வீடு என்று அம்மா ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மாங்காய்ப் பச்சடி மட்டும் வைத்தாள். உங்களுக்குப் பிடிக்குமே என்று ஒரு டப்பாவில் போட்டுக் கண்ணாயிரம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

காலேஜில் சிந்துஜா என்னைக் கிண்டல் செய்கிறாள். "உங்க மாமா பேர எடுக்காம உனக்கு ஒரு வாக்கியமாச்சும் வருமாடி?" என்கிறாள். என்ன செய்வது? அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருக்க, நீங்கள் எழுந்து வந்து எங்கள் வீட்டு மிக்சியைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்தீர்கள். நான் பள்ளிக்கூட யூனிபாரத்தில் நின்று பார்த்தேன். தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, "இது தேஞ்சாதான் அது சுத்தும்" என்றீர்கள். அதற்கப்புறம்தான் நான் இயற்பியலே எடுத்தேன். இது உங்களுக்குத் தெரியாது.

கயல் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒருமுறை வந்து உங்கள் மகளைப் பாருங்கள்.

வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிற,
வெண்மதி


கடலூர் ஓ.டி.,
11.5.2024

வெண்மதிக்கு,

இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

டப்பாவைக் கழுவிக் கண்ணாயிரத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சடியைக் கொட்டிவிட்டேன். புளித்துப்போயிருந்தது என்று எழுதலாம். புளிக்கவில்லை.

வருகிறவனெல்லாம் விதி என்கிறான். லாரிக்காரன் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான். அதற்குப் பெயர் விதி இல்லை. இதை ஒருத்தனிடம் சொன்னேன். "அதான் தம்பி, அவன் பாக்காம எடுத்ததே விதிதானே" என்றான். எழுந்து போய்விட்டேன். அதிலிருந்து யார் வந்தாலும் டியூட்டி என்று சொல்லிவிடுகிறேன். லீவு போடுகிறவனுடைய ஷிப்டையும் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கன்ட்ரோல் ரூமில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

முப்பதாம் நாள் பந்தி முடிந்து உங்கப்பாவும் எங்கம்மாவும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். நான் போனதும், சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று பேச்சை மாற்றினார்கள். உப்பு சரியாகத்தான் இருந்தது. என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லாதே.

போன் வேண்டாம். தபாலும் வேண்டாம். படி.

செம்பியன்


புவனகிரி,
2.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் "இருக்கிறேன்" என்று எழுதினால் நானும் இருக்கிறோம் என்று எழுத வேண்டியதுதான். இருக்கிறோம். கயலுக்கு மேல்பல்லும் வந்துவிட்டது. என் தோளைக் கடித்துப் பார்க்கிறாள்.

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். முப்பதாம் நாள் பேசியது என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் அது இப்போது உப்பு விஷயமாக இல்லை.

நேற்று உங்கள் அம்மா வந்தார்கள். பையில் ஆப்பிள், பூ. துக்க வீட்டுக்குப் பூ எடுத்து வருகிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடத்தில் உட்கார்ந்ததும் கயலை மடியில் போட்டுக்கொண்டார்கள்.

"வேத்தாள கொண்டாந்தா இந்தப் புள்ள கதி என்னாவும் சொல்லுங்க. சித்தின்னா சொந்த ரத்தம். யாரும் ஒரு வார்த்த பேச முடியாது."

"நானும் அதாங்க நெனைக்கறேன்" என்றார் அப்பா. "செம்பியன் மாதிரி மாப்ள வெளிய தேடுனா கெடைக்குமா? குடி இல்ல, சீட்டு இல்ல. தலை தெவசம் முடிஞ்சி வருஷம் திரும்பட்டும். மாசியில வெச்சிக்கலாம்."

அம்மா மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "பெரியவ போன வூட்டுக்கே சின்னவளையுமா" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா, உன் அபிப்பிராயம் இன்னா?"

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே வந்து என்ன செய்தேன் தெரியுமா மாமா? அக்கா போட்டோ இருக்கிற பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன். அழுததை அம்மா பார்த்தாள். சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அக்கா இருந்தவரை உங்களைப் போல ஒருத்தர் எனக்கும் வர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறேன். அதற்கு மேல் சத்தியமாக இல்லை. இப்போது உங்களைப் போல ஒருத்தரைத் தேட வேண்டாம் என்கிறார்கள். எனக்குச் சம்மதம். நான் உங்களைச் சாப்பிட வைப்பேன். பேச வைப்பேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் முகம் பழையபடி ஆக வேண்டும் என்று விரும்பும்,
வெண்மதி


கடலூர் ஓ.டி.,
9.6.2024

வெண்மதி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். வந்து மிச்சத்தைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

எங்கள் பிளாண்ட்டில் அழுத்தத்தை அளக்கிற ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போனால் ஸ்டோரிலிருந்து அதே மாடல் ஸ்பேரை எடுத்து வந்து அதே இடத்தில் மாட்டுவோம். அதே ஒயர், அதே போல்ட். டேக் நம்பரைக்கூட மாற்ற மாட்டோம். பழையதன் கழுத்திலிருந்த தகட்டைக் கழற்றிப் புதியதன் கழுத்தில் கட்டிவிடுவோம். கன்ட்ரோல் ரூமில் இருக்கிறவனுக்கு மாற்றியதே தெரியாது. அவனுக்கு ரீடிங் வந்தால் போதும். உங்கப்பாவும் எங்கம்மாவும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துகொண்டு மாசியில் மாட்டிவிடலாம் என்கிறார்கள். நீயும் ஸ்டோரிலிருந்து சிரித்துக்கொண்டே வருகிறாய்.

என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? ஒரு மிக்சியைப் பிரித்தேன். அவ்வளவுதான். அன்றைக்கு ஏன் பிரித்தேன் தெரியுமா? புதியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேச எனக்கு வராது. தப்பித்துக்கொள்ள ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைத்தது. அதை வைத்து நீ ஒரு ஆளையே கட்டிவிட்டாய். உங்கக்கா ரேகா பேசாமல் இருந்தால் நானும் பேசாமல் இருப்பேன். அவளே வந்து பேசுகிறவரை இருப்பேன். அதுதான் நான்.

எனக்குக் கல்யாணம் வேண்டாம். உன்னோடும் வேண்டாம், யாரோடும் வேண்டாம். உன் வயசுக்குப் படிப்பைப் பார். இதை உங்கப்பாவிடமும் சொல்.

செம்பியன்


புவனகிரி,
30.6.2024

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உங்கள் கடிதத்தைப் படித்த நான் மட்டும் நலமில்லை.

ஸ்பேர் என்று எழுதிய கையை உடைக்க வேண்டும் போல இருந்தது. நான் ஸ்டோரில் தூசி படிந்து கிடந்தவள் இல்லை. எனக்கு யாருடைய தகடும் வேண்டாம். வெண்மதி என்று ஒரு பெயர் இருக்கிறது.

உங்களைப் பற்றித் தெரியாது என்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சண்டை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். சண்டை போட்டதும் அக்கா எனக்குத்தான் போன் போடுவாள். "அந்த ஆளு வாயில கொழுக்கட்டைய வெச்சினு ஒக்காந்திருக்குடி. நானே போய்ப் பேசணுமாம்" என்பாள். நான் உங்கள் பக்கம்தான் பேசுவேன். மாமாவுக்குச் சொல்லத் தெரியாதுக்கா, மனசில் இருக்கும் என்பேன். "அப்ப நீயே கட்டிக்கோ அத" என்று சிரிப்பாள். சும்மா சொன்னதுதான். ஆனால் சொன்னாள்.

வேண்டாம் என்றால் நீங்களே அப்பாவிடம் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கயல் எதையும் பிடிக்காமல் நின்றாள். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீங்கள் கேட்கவே இல்லை.

கோபத்தோடும் காத்திருக்கிற,
வெண்மதி


புவனகிரி,
2.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலம் என்று நேற்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டதால் கேட்கவில்லை. இளைத்திருக்கிறீர்கள். சட்டை தொங்குகிறது.

என் போன கடிதத்துக்குப் பதிலே வராதபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜூலை முழுக்க, ஆகஸ்ட் முழுக்கத் தபால்காரரைக் கண்டாலே எரிச்சல் வந்தது. திடீரென்று உங்கள் அம்மாவோடு நீங்கள் வருகிறீர்கள் என்றார் அப்பா. நிச்சயம் என்று சொல்லக்கூடாதாம், துக்கம் இருக்கிறதாம், சும்மா வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாம்.

நான் கதவுக்குப் பின்னால் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்றே நினைத்தேன். அப்பா கேட்டார்: "மாசியில வெச்சிக்கலாங்களா மாப்ள?" நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "செய்ங்க" என்றீர்கள். தட்டை நீட்டினார்கள். தொட்டீர்கள்.

எனக்கு அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது. கயலைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டேன். என்னதான் ஸ்பேர், டேக் என்று திட்டினாலும் யோசித்திருக்கிறீர்கள், மனசு மாறியிருக்கிறது. சொல்லத் தெரியாது, மனசில் இருக்கும் என்று நான் அக்காவிடம் சொன்னது பொய்யில்லை.

ஒரே ஒரு வருத்தம். "இனிமே எதுக்கு பஸ்ஸுல அலையணும், வூட்ல இருந்து புள்ளைய பாத்துக்கட்டும்" என்று காலேஜை நிறுத்தச் சொல்கிறார் அப்பா. எம்.எஸ்சி. முடிக்க ஒரு வருஷம்கூட இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா கேட்பார். சொல்வீர்கள்தானே?

எழுத எழுத வந்துகொண்டே இருக்கிற,
உங்கள் வெண்மதி


கடலூர் ஓ.டி.,
15.9.2024

வெண்மதிக்கு,

இங்கு மாற்றமில்லை.

மாசி முதல் வாரம் பிளாண்ட் ஷட்டவுன். லீவு கிடைக்காது. கடைசி வாரம் என்றால் பரவாயில்லை. உங்கப்பாவிடம் சொல்லிவிடு.

ரேகா பீரோ சாவி அம்மாவிடம் இருக்கிறது. புடவையெல்லாம் அப்படியே இருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொள்.

காலேஜ் விஷயம் உங்கப்பா இஷ்டம்.

செம்பியன்


புவனகிரி,
6.10.2024

செம்பியன் மாமாவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை அலுப்பில் எழுதியிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் உங்கள் அம்மா, அக்காவின் ஜாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சிதம்பரத்தில் டெய்லரிடம் போனோம். "அளவு ஜாக்கெட்டு இதுங்களா?" என்று அவர் கேட்டார். "அளவு இல்லப்பா, இதையேதான் இவளுக்குப் புடிச்சித் தரணும். எல்லாம் புதுசு, வீணாப்போவக் கூடாது" என்றார்கள். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அக்குளில் அக்காவின் பவுடர் வாசனை போகவில்லை மாமா. அதைப் போட்டுக்கொண்டு நான் கையைத் தூக்கி நின்றேன். அப்போதும் உங்களுக்காக என்று நின்றேன்.

போன ஞாயிறு கடலூருக்கு வந்தோம். நீங்கள் ஷிப்டு முடிந்து வந்தீர்கள். எங்களைப் பார்த்து, "வாங்க" என்றீர்கள். டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டீர்கள். டிவி ஓடவில்லை.

கயல் உங்களிடம் வந்தாள். நடந்து வந்தாள். அவள் நடப்பதை நீங்கள் அதுவரை பார்த்ததில்லை. தடுமாறி உங்கள் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்று மேலே பார்த்தாள். நீங்கள் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கை கழுவப் போனீர்கள். அதட்டவில்லை, தள்ளவில்லை. துணியில் ஒட்டிய முள்ளை எடுப்பதுபோல மெதுவாக எடுத்தீர்கள். நீங்கள் அதட்டியிருந்தால்கூட நான் உங்களைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

வரும்போது பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா நினைவாகவே இருக்கிறீர்கள், அதனால்தான் இப்படி என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன். அக்காமேல் அவ்வளவு இருப்பவர் என்மேலும் ஒருநாள் வைப்பார் என்றுதான் காத்திருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நீங்கள் எதற்கும் இல்லை. அக்காவுக்கும் இல்லை, கயலுக்கும் இல்லை. தட்டை நீட்டினால் தொடுகிறீர்கள். யாருடைய தட்டு என்றுகூடப் பார்க்கவில்லை.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.

காலேஜை அப்பா நிறுத்தியே விட்டார். எங்கள் ஹெச்.ஓ.டி. மேடத்திடம் சிந்துஜா பேசியிருக்கிறாள். தீபாவளிக்குள் வந்துவிட்டால் வருகைப்பதிவை எப்படியாவது சரிக்கட்டலாம், தாண்டினால் ஒரு வருஷம் போச்சு என்றாராம். வருஷம் போனால் அப்பா மறுபடி அனுப்ப மாட்டார். அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது துக்கம். பாவம், மறக்க முடியவில்லை என்பார்கள். அதையே நான் சொன்னால் திமிர்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வெண்மதி


கடலூர் ஓ.டி.,
19.10.2024

வெண்மதி,

நலம்.

ஜூன் மாதம் வேண்டாம் என்று தெளிவாக எழுதினேன். கேட்டாயா? ஸ்பேர் என்று எழுதிய கையை உடைப்பேன் என்றாய். சம்மதம் என்றாய், சிரித்தேன் என்றாய். இப்போது நான் வந்து சொல்ல வேண்டுமாம். நீயும் உங்கப்பாவும் எங்கம்மாவும் சேர்ந்து ஆரம்பித்தீர்கள். நீயே முடி.

ஏன் சரி என்றேன் என்று நீ கேட்பாய். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் நான் பேச வேண்டும். பேசினால் அவளைப் பற்றிப் பேச வேண்டும். சரி என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. தட்டைத் தொட்டதும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். என்னை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதனால் நீ என்ன ஆவாய் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்தில் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

குழந்தை காலைப் பிடித்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு நினைவில்லை.

நான் வர மாட்டேன். இனி எழுதாதே.

செம்பியன்


சிதம்பரம்,
3.11.2024

மாமாவுக்கு,

நீங்கள் நலம் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இது கடைசிக் கடிதம் என்பதால் நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் உங்கள் அம்மா வந்திருந்தார்கள். அக்காவின் தாலியைப் பர்சிலிருந்து எடுத்து அப்பாவிடம் காட்டினார்கள். "ஆசாரிகிட்ட குடுத்து இதையே அழிச்சி சின்னவளுக்குப் பண்ணிடலாங்களா? தங்கம் விக்கற வெலையில புதுசு எதுக்கு?" அப்பா கையில் வாங்கி எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். நான் அடுப்படியிலிருந்து வந்து, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றேன்.

"யாருடி அவன்?" என்றார் அப்பா. முதல் கேள்வியே அதுதான்.

"யாருமில்ல."

"யாருமில்லாமயா வேணாங்கற?"

உங்கள் அம்மா எழுந்துவிட்டார்கள். "எம் புள்ள ரெண்டாந்தாரம்னு எளக்காரமாடி? அப்ப எதுக்கு வெத்தல மாத்தும்போது பல்ல காட்டிகினு நின்ன?"

"அப்ப புடிச்சிது. இப்ப புடிக்கல."

அப்பா அறைந்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவை. காது ஒரு நாள் முழுக்க இரைந்துகொண்டே இருந்தது. கயல் பயந்து கத்தினாள். அம்மா எனக்காகவும் பேசவில்லை, அவர்களுக்காகவும் பேசவில்லை. மறுநாள் காலை என் பையைக் கட்டி வாசற்படியில் வைத்திருந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

இப்போது சிந்துஜா வீட்டில் இருக்கிறேன். காலேஜ் போகிறேன். வருகைப்பதிவைச் சரிக்கட்டிவிட்டார்கள். புவனகிரியில் எனக்குச் சிதம்பரத்தில் ஆள் இருக்கிறான் என்று பேச்சு. கடைக்கு உரம் வாங்க வருகிறவர்களே கேட்கிறார்களாம். வீட்டுப்பக்கம் வராதே என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். நான் சொன்னால் திமிர் என்று எழுதியிருந்தேன் இல்லையா? அதற்கு மேலும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கயலைத்தான் விட்டுவிட்டு வந்தேன். வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள். அது ஒன்றுதான் தாங்கவில்லை. அவளுக்கு அம்மாவும் தெரியாது, அப்பாவும் தெரியாது. போட்டோவைக் காட்டி அப்பா என்றால் பக்கத்தில் இருக்கிற காலண்டரைப் பார்க்கிறாள்.

உங்கள்மேல் எனக்கு இருந்ததெல்லாம் போய்விட்டது. எங்கே போனது என்று நானே தேடிப் பார்த்தேன், இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது. அதுவும் போய்விடும். அப்புறம் நீங்கள் எனக்கு அக்கா வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது வழக்கம். எழுதவில்லை.

வெண்மதி


கடலூர் ஓ.டி.,
24.11.2024

வெண்மதிக்கு,

உன் காது சரியாகிவிட்டதா? இனி எழுதாதே என்று நான்தான் எழுதினேன். ஆனால் இதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது.

இரண்டு வாரம் முன்னால் கேன்டீனில் கண்ணாயிரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "உம் மச்சினிக்கி சிதம்பரத்துல ஒருத்தன் இருக்கானாமே. ஊரே பேசுது. நல்லவேள, தப்பிச்சிக்கின" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். தட்டை அப்படியே அவன் பக்கம் தள்ளிவிட்டேன். குழம்பு அவன் சட்டையெல்லாம். எல்லோரும் பார்த்தார்கள். உனக்கு இதுவரை நான் எழுதியதெல்லாம் எரிச்சல். இது வேறு. கோபம்தான் என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புவனகிரி போனேன். வீட்டுக்குப் போகவில்லை, நேரே உரக்கடைக்குப் போனேன். பேச்சு அங்கேதான் நடக்கிறது என்று எழுதியிருந்தாய். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். உங்கப்பா, "வாங்க மாப்ள" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நின்றுகொண்டே சொன்னேன்.

"மாமா, அவளுக்கு யாரும் இல்ல. மொதல்ல வேணாம்னது நான்தான். ஜூன் மாசமே அவளுக்கு எழுதிட்டேன். ஒங்க மூஞ்சிக்கி நேரா சொல்லத் தெம்பில்லாம தட்டத் தொட்டுட்டேன். என்னை வந்து சொல்லுங்கன்னு அவ கெஞ்சினா. வர மாட்டேன்னுட்டேன். நான் சொல்ல வேண்டியத அவ சொன்னா. அவள அடிச்சிட்டீங்க."

அவருக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் அந்த "மாப்ள" போய்விட்டது. "அப்ப எதுக்குடா தொட்ட? எதுக்குடா தொட்ட?" என்று கேட்டுக்கொண்டே நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். யூரியா மூட்டைமேல் போய் விழுந்தேன். "எம் பொண்ண ஊரே நாறடிக்கிற மாதிரி பண்ணிட்டியேடா. ஒருத்திய எடுத்துகினு போய் சாவக் குடுத்த. இன்னொருத்திய வூட்ட வுட்டே தொரத்திட்ட. போ. இனிமே உன் சங்காத்தமே வேணாம். உம் புள்ளையையும் எடுத்துகினு போ."

கோபத்தில் சொன்னது. நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். எழுந்து உங்கள் வீட்டுக்குப் போய் அத்தையிடம் கயலைக் கேட்டேன். அத்தை அழுதுகொண்டே கயலின் துணிகளை மடித்து வைத்தார்கள். "இது அழுவும் தம்பி. ஒங்களுக்குத் தாங்காது" என்றார்கள். அழட்டும் என்றேன்.

உங்கப்பா உன்னிடம் எப்போது பேசுவார் என்று எனக்குத் தெரியாது. கடையில் இருந்தவர்கள் வெளியே என்ன சொல்வார்கள் என்றும் தெரியாது. அவர்கள் வாய்க்கு இப்போது நான் இருக்கிறேன். நீ பரீட்சை எழுது. எங்கம்மாவிடமிருந்து தாலியை வாங்கி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாரும் அதை அழிக்க மாட்டார்கள்.

ஜெனரல் ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். பகலில் அம்மா கயலைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு பேருமே என்னோடு பேசுவதில்லை.

பஸ்ஸில் நடந்ததை மட்டும் எழுதி முடித்துவிடுகிறேன்.

புவனகிரியில் ஏறியதும் கயல் ஆரம்பித்தாள். சித்தி என்று சொல்ல வரவில்லை, "த்தி, த்தி" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பி.முட்லூரில் என் கையைக் கடித்தாள். பல் பதிந்துவிட்டது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புதுச்சத்திரத்தில் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"புள்ள யாருதுப்பா?"

"என்னுதுதாங்க."

"ஒன்னுதுன்னா ஏன் இப்டி கத்துது? அம்மா எங்க?"

"செத்துட்டாங்க."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. கண்டக்டர் குழந்தையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அதுக்கு ஒன்ன யாருன்னே தெரியலையேப்பா."

"தெரியாதுங்க" என்றேன். "நான் இதுவரைக்கும் தூக்கினதில்ல."

அவர் விசில் ஊதவில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா பிஸ்கட் நீட்டினார்கள். கயல் அதை வாங்கி என் முகத்தில் எறிந்தாள். அப்புறம் பஸ் கிளம்பியது. ஆலப்பாக்கம் தாண்டியும் அவள் அழுகையை நிறுத்தவில்லை. தொண்டை கட்டிப்போய்ச் சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து கத்தினாள். "வாய மூடச் சொல்லுப்பா" என்றார் முன்னால் இருந்தவர். நான் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரில் ஒரு ஆளாவது கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

செம்பியன்